இருட்டுக் குகைக்குள் அந்தி எப்படித் தெரிகிறது?

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி. சமணர் மலையடிவாரத்தில் தம்பி மகனோடு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் பாறை இடுக்கிலிருந்து ஒரு வௌவால் வந்தது. வாசலில் ஒரு வட்டம் போட்டு உள்ளே திரும்பிவிட்டது. அப்புறம் இரண்டு வந்தன, அவையும் திரும்பின.

இவை வெளிச்சத்தை நோட்டம் பார்க்க வருபவை. சீக்கிரம் கிளம்பினால் வல்லூறு அடித்துவிடும். தாமதித்தாலோ, அந்தியில் மொய்க்கும் பூச்சிகள் கைநழுவிப் போகும். 

"உள்ளே ஆழத்தில இருக்கிறதுக்கு எப்படித் தெரியும் பெரியப்பா?" என்றான் பையன்.

சரியான கேள்வி. அங்கே நண்பகலும் நள்ளிரவும் ஒரே இருட்டு. எப்போது தூங்க, எப்போது விழிக்க என்று சொல்லும் ஓர் உயிர்க்கடிகாரம் உடலுக்குள் ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது கச்சிதமாக 24 மணி நேரம் காட்டாது. வெளியிலிருந்து ஏதாவது ஒன்று தினமும் திருத்தாவிட்டால், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, சில வாரங்களில் பகலில் விழித்து இரவில் தூங்கும் நிலைக்கே போய்விடலாம்.

அந்தத் திருத்தம் எங்கிருந்து வருகிறது என்று காட்டியது நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். எம். கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து குழுவினர் இலைமூக்கு வௌவால் ஒன்றைப் பிடித்து, முழு இருட்டான குகைக்குள் கூண்டில் விட்டு, அது எப்போது பறக்கத் தொடங்குகிறது என்று நாள்தோறும் பதிவு செய்தார்கள். அதே குகையில் அதன் இனத்தார் சுதந்திரமாகப் போய்வந்தபோது, கூண்டு வௌவாலும் அவர்கள் கிளம்பும் நேரத்துக்கே சிறகடித்தது. கூண்டில் இருந்த நாட்களில் அந்தியை அது கண்ணால் பார்க்கவே இல்லை. தன் இனத்தார் இல்லாத குகையில் வைத்த வௌவாலுக்கோ நேரம் நழுவிக்கொண்டே போனது. ஊர் கிளம்பும் சந்தடியே அதற்குக் கடிகாரச் சாவி. 1981-இல் வெளியான இந்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இன்னொன்றும் பார்த்தார்கள். வேறு இன வௌவாலை இலைமூக்குகள் குடியிருக்கும் குகையில் வைத்தபோது, அது இவர்கள் சந்தடியைச் சட்டையே செய்யவில்லை. எந்தச் சத்தமும் போதாது, சொந்தச் சனத்தின் சத்தம் வேண்டும்.

சொல்லி முடிப்பதற்குள் பையன் செல்போன் டார்ச்சைக் குகை வாசலுக்குத் திருப்பிவிட்டான். வெளியே வந்த இரண்டும் சட்டென்று உள்ளே போயின. வாசலில் வெளிச்சம் விழுந்தால் கூட்டம் கிளம்புவது தள்ளிப்போகும். "அணைச்சிடுப்பா, இன்னும் பகல்தான்னு நினைச்சுக்கும்" என்றேன். அணைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று, மூன்று, ஏழு. காகிதத்தை உதறுவது போன்ற சிறகுச் சத்தம் தலைக்கு மேலே போனது. இருபத்தெட்டு வரை எண்ணினான் பையன். அதற்கு மேல் எண்ணவிடாமல் வந்துகொண்டே இருந்தன.