மிளகுக் கொடியில புது ஜீனை எப்படித் தேடிப் பிடிக்கிறாங்க?

குமுளி, வண்டிப்பெரியாறு, கம்பம்மெட்டு பக்கம் மிளகு வச்சிருக்கவங்களுக்கு மழைக்காலம் வந்தாலே வாடல் நோய் பயம்தான், இலையில கறுப்புப் புள்ளி விழுந்து தூர் அழுகிடுச்சுன்னா சில வாரத்துலயே மொத்தக் கொடியும் போயிடும். காரணம் ஃபைட்டோஃப்தோரா கேப்சிசிங்கிற கிருமி. துரிசும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிச்சுத் தடுக்கப் பாக்குறோம். ஆனா மிளகோட சொந்தமான பிரேசில் திப்பிலி இந்தக் கிருமிக்கு நல்லாவே தாங்குது, அதனாலதான் அதுமேல மிளகை ஒட்டு கட்டுறாங்க. சரி, அந்தத் தாங்குற சக்திக்குக் காரணமான ஜீன் எது? முகம் தெரியாத ஒண்ணை எப்படித் தேடுறது?

தெரிஞ்ச ஜீனோட சாயலை வச்சுத்தான். 1994ல புகையிலையில மொசைக் வைரஸை எதிர்க்கிற 'என்' (N)ங்கிற ஜீனையும், அராபிடாப்சிஸ் செடியில பாக்டீரியாவை எதிர்க்கிற ஆர்பிஎஸ்2 ஜீனையும் கண்டுபிடிச்சாங்க. செடியும் வேற கிருமியும் வேற, ஆனா ரெண்டு புரதத்துலயும் சில துண்டுகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அதுல ஒண்ணு செல்லுக்குச் சக்தி தர்ற ஏடிபிங்கிற மூலக்கூறைப் பிடிச்சுக்கிற இடம், அது மாறிட்டா புரதமே வேலை செய்யாது, அதனால கோடிக்கணக்கான வருஷமா பெருசா மாறல.

புரதம்ங்கிறது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி, இப்போ அந்தத் துண்டுல இருக்கிற அமினோ அமிலங்களைப் பாருங்க: கிளைசின், கிளைசின், வேலின், கிளைசின், லைசின், திரியோனின். டிஎன்ஏல ஒவ்வொண்ணுக்கும் மூணு எழுத்து, அப்படிக் கிளைசினை எழுத 4 வழி, வேலினுக்கும் 4, லைசினுக்கு 2. நம்ம செடி எந்த வழியில எழுதியிருக்குன்னு தெரியாதுல்ல, அதனால முதல் அஞ்சுக்கும் 4×4×4×4×2, மொத்தம் 512 விதத்தையும் ஒரே டியூப்ல கலந்து பிரைமரா, அதாவது நகல் ஆரம்பிக்கிறதுக்கான சின்ன டிஎன்ஏ துண்டா போடுறாங்க. திரியோனின் எப்பவும் ஏ, சின்னுதான் ஆரம்பிக்கும், அந்த ரெண்டு எழுத்தை மட்டும் கடைசியில சேத்துக்குவாங்க, ஏன்னா பிரைமரோட நுனி சரியா ஒட்டினாத்தான் என்சைம் அங்கிருந்து நகல் எடுக்க ஆரம்பிக்கும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

இன்னொரு பக்கத்துக்கும் இதே மாதிரி மாறாத துண்டு ஒண்ணைப் பிடிச்சு பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகல் எடுக்கிற முறை) போட்டா, நடுவுல இருக்கிற சுமார் 500 எழுத்து நகலாகி வரும். 1996லயே உருளையிலயும் சோயாவுலயும் இப்படித் தேடி எடுத்துட்டாங்க. டிஎன்ஏவை நீளவாரியாப் பிரிச்சுக் காட்டுற ஜெல்ல ஒரே கோடாத் தெரிஞ்சாலும் அது பல ஜீன்களோட கலவை, அதனால ஈ.கோலை பாக்டீரியாவுல ஒவ்வொண்ணா குளோன் பண்ணிப் பிரிச்சு, வரிசையைப் படிச்சு, பிளாஸ்ட்ங்கிற கம்ப்யூட்டர் தேடல்ல போட்டு தெரிஞ்ச ஜீன்களோட ஒப்பிடுவாங்க. அதுவும் புரத எழுத்தா மாத்தி ஒப்பிட்டாத்தான் தூரத்துச் சொந்தம்கூட மாட்டும்.

கையில இருக்கிறது நடுத்துண்டுதான், ரெண்டு முனையும் வேணும்ல. அதுக்கு ரேஸ்னு ஒரு முறை, ஜீன்ல இருந்து செல் எடுக்கிற நகலான ஆர்என்ஏவோட வால்ல வரிசையா ஏ எழுத்து இருக்கும், அந்த வாலுக்கு ஒரு பிரைமர், தெரிஞ்ச துண்டுக்கு ஒரு பிரைமர்னு போட்டு ஒரு முனையை இழுத்துடலாம், மறுமுனையில நாமளே ஒரு வாலை ஒட்டி அதே வேலையைச் செய்யணும்.

2019ல மிளகோட முழு ஜீனோமே, அதாவது மொத்த டிஎன்ஏ வரிசையே வெளிவந்துடுச்சு, அதனால தேடலோட பாதி இப்போ கம்ப்யூட்டர்லயே முடியுது. ஆனா சாயல் இருக்குன்னு மட்டும் வச்சு வேலையும் இதுதான்னு சொல்லிட முடியாது, இந்த எதிர்ப்புக் குடும்பத்துல ஒரே செடியில நூத்துக்கணக்குல ஜீன் இருக்கலாம். மிளகுக்குக் காரம் தர்ற பைப்பரினைக் கடைசிப் படியில செஞ்சு முடிக்கிற என்சைமை 2021ல ஜெர்மனியில ஹாலே நகரத்து ஆளுங்க உறுதி பண்ணினப்போகூட, பிஞ்சுக் காயில எந்த ஜீன் ஓடுதுன்னு பாத்து, அந்தப் புரதத்தைத் தனியாச் செஞ்சு, பைப்பரின் வருதான்னு சோதிச்சுத்தான் சொன்னாங்க. திப்பிலியில கிடைக்கிற துண்டுக்கும் அதே கதிதான்: அந்த ஜீனை அமத்திட்டு, கிருமியை விட்டு, செடி வாடுதான்னு பாக்கணும்.