'ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்': தமிழில் எப்படிச் சொல்வது?

அம்மாவின் மருத்துவச் சீட்டில் 'ஓ.ஏ.' என்று இரண்டே எழுத்து இருந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த மருத்துவர், "முட்டி தேஞ்சு போச்சும்மா. நடுவுல கேப்பே இல்ல. இனிமே கீழ உக்காராதீங்க, ரொம்ப நடக்காதீங்க" என்றார். அன்றோடு கோயிலுக்கு நடந்து போவதை அம்மா விட்டுவிட்டார். கோலம் போட வேறு ஆள் வந்தது. ஒரு வருடத்துக்குள் தொடைச் சதை இளைத்து, உடம்பு கனத்து, வலி முன்னைவிடக் கூடியது. நடந்தால் இன்னும் தேயும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தைத் தந்தது 'தேய்மானம்' என்ற ஒற்றைச் சொல். அதனால்தான் 'ஓ.ஏ.' என்று சுருங்கிக் கிடக்கும் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸை வேரிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

மூன்று கிரேக்கத் துண்டுகள் சேர்ந்த சொல் இது. 'ஆஸ்டியோன்' என்றால் எலும்பு. குறளில் 'என்பும் உரியர் பிறர்க்கு' என்று வருகிறதே, அந்த என்பு. 'ஆர்த்ரான்' என்றால் மூட்டு. நண்டு, பூச்சி, பூரான் எல்லாவற்றையும் சேர்த்து விலங்கியலில் 'ஆர்த்ரோபோடா' என்கிறார்கள். நம் பாடநூல்கள் அதைக் கணுக்காலிகள் என்று அழகாகத் தமிழாக்கின. அந்தக் கணுதான் ஆர்த்ரான். மூன்றாவது துண்டான 'இடிஸ்' பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இன்றைய மருத்துவத்தில் 'இடிஸ்' என்று முடிந்தால் அழற்சி என்று பொருள். டான்சில்லைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ் எல்லாம் அப்படித்தான். ஆனால் பழைய கிரேக்கத்தில் அது 'இன்னதைச் சார்ந்த' என்று மட்டும் பொருள்படும் பெண்பால் பெயரடை விகுதி. நோயைக் குறிக்கும் 'நோசோஸ்' அங்கே பெண்பால் சொல் என்பதால் 'ஆர்த்ரிடிஸ் நோசோஸ்' என்றார்கள். மூட்டைச் சார்ந்த நோய், அவ்வளவே. வீக்கம், சூடு, சிவப்பு எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. பின்னாளில் நோசோஸ் உதிர்ந்து போக, விகுதி மட்டும் நின்று, வெகு காலம் கழித்து அழற்சி என்ற பொருளை ஏற்றுக்கொண்டது. ஆக, ஆர்த்ரைட்டிஸை 'மூட்டழற்சி' என்று பெயர்ப்பவர் அதன் இன்றைய பொருளைப் பெயர்க்கிறார். 'மூட்டு நோய்' என்று பெயர்ப்பவர் பிறந்தபோது இருந்த பொருளைப் பெயர்க்கிறார். இரண்டுமே தவறில்லை.

அழற்சி என்ற தமிழ்ச் சொல்லும் நின்று பார்க்க வேண்டிய ஒன்று. அழல் என்றால் தீ. அதிலிருந்து அழற்சி. ஆங்கிலத்தின் 'இன்ஃப்ளமேஷன்' லத்தீன் 'ஃப்ளமா'விலிருந்து வந்தது. அதற்கும் தீச்சுடர் என்றே பொருள். மூட்டைத் தொட்டுச் சூட்டை உணர்ந்த விரல்கள் இரண்டு நாட்டிலும் ஒரே உவமையைத்தான் கண்டுபிடித்திருக்கின்றன.

பல நூற்றாண்டுகள் மூட்டில் வலித்த எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் முதுமையில் விரல் நுனிக் கணுக்களில் வரும் சிறு கெட்டி முண்டுகளைக் கவனித்து, இவற்றுக்கும் யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் சேர்வதால் வரும் கவுட் நோய்க்கும் தொடர்பில்லை என்று எழுதினார். அவர் மறைந்தபின், 1802இல்தான் அந்தக் குறிப்புகள் அச்சேறின. பாட்டிமார் விரல்களில் நாம் பார்க்கும் அந்த முண்டுகளுக்கு இன்றும் ஹெபர்டன் கணுக்கள் என்றே பெயர். 1859இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட் 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்ற பெயரை முன்வைத்து முடக்குவாதத்தைக் கவுட்டிலிருந்து பிரித்தார். அவருடைய மகன் ஆர்ச்சிபால்டு காரட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸை முடக்குவாதத்திலிருந்து பிரித்துக் காட்டினார். அப்பா ஒரு முடிச்சை அவிழ்க்க, மகன் அடுத்ததை அவிழ்த்தார்.

ஜெர்மனியும் பிரான்சும் வேறு வழியில் போயின. அங்கே 'இடிஸ்' வேண்டாம் என்று 'ஆர்த்ரோஸ்' என்கிறார்கள். அழற்சி என்று அடித்துச் சொல்லாமல் 'மூட்டின் ஒரு நிலை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் விகுதி அது. பாரிசிலோ பெர்லினிலோ வாழும் நம்மவர்கள் ஊருக்குப் பேசும்போது "எனக்கு ஆர்த்ரோஸ்" என்று சொன்னால், இங்கே நாம் சொல்லும் ஓ.ஏ.தான் அது.

இனி நம் சொற்கள். கீல்வாதம் என்பது பழையது, வலுவானது. கீல் என்றால் பொருத்து. கதவுக்கும் கீல் உண்டு, காலுக்கும் கீல் உண்டு. வாதம், வாயு, வளி மூன்றும் காற்று. உடலின் அசைவையெல்லாம் நடத்தும் அந்தக் காற்று கீலில் கெட்டால் கீல்வாயு. 'ருமாட்டிசம்' என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் ஒழுகுவதைக் குறிக்கும். கெட்ட நீர் மூட்டுக்குள் இறங்குகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் நீரைப் பார்த்த இடத்தில் நம் வைத்தியர்கள் காற்றைப் பார்த்தார்கள். சித்த மருத்துவத்தில் கீல்வாயு பல வகைப்படும். அவற்றுள் 'அழல் கீல்வாயு' என்பதைத்தான் இன்றைய சித்த ஆய்வாளர்கள் முழங்கால் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸுக்கு இணையாக எடுத்து ஆய்வு செய்கிறார்கள். ஆயுர்வேதக்காரர்கள் சந்திவாதம் என்பார்கள்.

கீல்வாதத்தை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று செய்தித்தாள்களில் முடக்குவாதம், கவுட், ஓ.ஏ. மூன்றுக்கும் கீல்வாதம் என்ற ஒரே சொல் புழங்குகிறது. இந்த மூன்றின் மருந்தும் வேறு வேறு. முடக்குவாதம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டைத் தாக்குவதால் வருவது, தாமதித்தால் மூட்டு குலைந்துவிடும். ஆகவே கீல்வாதம் மூட்டு நோய்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். ஓ.ஏ.க்கு மட்டும் உரிய சொல் வேறு வேண்டும். 'என்பு மூட்டழற்சி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர்களும் உண்டு. அகராதியில் அது இருக்கும், அம்மாவின் வாயில் வராது.

வாயில் வந்தது 'மூட்டுத் தேய்மானம்'. சந்தேகமே இல்லாமல் இன்று தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படும் சொல் அதுதான். கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும், வாங்கிய இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதற்கும் தேய்மானம் என்றே பெயர். லாரி டயர் தேய்கிறது, செருப்பு தேய்கிறது, சோப்பு தேய்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: பயன்படுத்தாமல் வைத்தால் தேயாது. இந்தத் தர்க்கத்தை மூட்டுக்குப் பொருத்தும்போதுதான் கேடு வருகிறது.

எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பு டயர் ரப்பரைப் போன்றதல்ல. அதற்குள் உயிரணுக்கள் வாழ்கின்றன. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் உணவு எடுத்துக்கொள்ள வேண்டும். நடக்கும்போது அழுந்தி, விடுபட்டு, மீண்டும் அழுந்தி, பஞ்சு போல நீரை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. அசையாத மூட்டின் குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது. இன்னொன்று, குருத்தெலும்பில் வலி உணரும் நரம்பே இல்லை. வலி வருவது அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்தும். அந்தச் சவ்வில் மெல்லிய அழற்சி இருப்பது இன்று ஸ்கேன்களில் தெரிகிறது. உடல் எடையைத் தாங்காத விரல் கணுக்களிலும் இந்த நோய் வருகிறதே, அதைத் தேய்மானம் எப்படி விளக்கும்? குருத்தெலும்பு, எலும்பு, சவ்வு, தசை எல்லாம் சேர்ந்த முழு மூட்டின் நோய் இது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பார்வை.

'கேப் குறைஞ்சிடுச்சு' என்ற பேச்சுக்கு வேர் எக்ஸ்ரே. 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முளைகள், இடைவெளிக் குறைவு முதலியவற்றை வைத்து 0 முதல் 4 வரை தரம் பிரித்தார்கள். ரிப்போர்ட்டில் 'கிரேடு 3' என்று வருவது அதுதான். ஆய்வுக்கு அது மிக நல்ல அளவுகோல். ஆனால் கிரேடு 4 உள்ளவர் வயல் வேலை பார்ப்பதும், கிரேடு 1 உள்ளவர் படியேற முடியாமல் தவிப்பதும் உண்டு. படமும் வலியும் ஒன்றோடொன்று ஒட்டிப் போவதில்லை. பிரிட்டனின் அரசு வழிகாட்டி நெறி இதனால்தான், 45 வயதைத் தாண்டியவருக்கு வேலை செய்யும்போது மூட்டுவலி இருந்து, காலை விறைப்பு இல்லாமலோ அரை மணிக்கு மேல் நீடிக்காமலோ இருந்தால், படம் எடுக்காமலே நோயைக் கண்டறியலாம் என்கிறது. அரை மணியைத் தாண்டி விறைப்பு நீண்டால், மூட்டு சூடாக வீங்கியிருந்தால், முடக்குவாதம் போன்ற வேறொன்றைத் தேட வேண்டும்.

தேய்ந்ததைச் சுத்தம் செய்துவிடலாம் என்ற எண்ணமும் இதே உவமையின் பிள்ளைதான். மூட்டில் துளையிட்டு உள்ளே கழுவி, சீவி விடும் அறுவை அமெரிக்காவில் பெருமளவில் நடந்து வந்தது. ஹூஸ்டனில் 180 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குக் கழுவினார்கள், ஒரு பகுதியினருக்குச் சீவினார்கள், மீதிப் பேருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். உண்மை அறுவை செய்தவர்கள் போலி அறுவை செய்தவர்களைவிட எந்தக் கட்டத்திலும் மேலாக இல்லை. மருத்துவ ஆய்வு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நம்பிக்கையோடு செய்த ஒன்றைச் செய்தவர்களே நேர்மையாகச் சோதித்துப் பார்த்தார்கள்.

குருத்தெலும்பை வளர்க்கும் என்று விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் மாத்திரைகளை 1,583 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006இல் வந்தது. மொத்தத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அவை வலியைக் குறைக்கவில்லை. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் ஆறுதல் தரும். ஆனால் 2017இல் வெளியான ஆய்வில், 12 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து போட்டவர்களுக்கு உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் குறைந்திருந்தது. வலியிலோ வேறுபாடு இல்லை.

பயன் தந்தது எது? தசையை வலுவாக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு. வட கரோலினாவில் நடந்த ஆய்வொன்று, ஒரு கிலோ எடை குறைந்தால் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து சொன்னது. 2024இல் செமாகுளுடைட் என்ற எடை குறைப்பு மருந்தை, உடல் பருமனும் முழங்கால் ஓ.ஏ.வும் சேர்ந்த 407 பேரில் ஒரு பகுதியினருக்கும், மருந்தில்லாத வெறும் ஊசியை மற்றவர்களுக்கும் 68 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 100 புள்ளி வலி அளவில் மருந்து பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 42 புள்ளியும் மற்றவர்களுக்கு 28 புள்ளியும் வலி குறைந்தது. முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவை உண்மையிலேயே வாழ்வைத் திருப்பித் தருகிறது. அதைப் பயமுறுத்தித் தள்ளிப்போட வேண்டியதில்லை, முதல் நாளே ஓட வேண்டியதும் இல்லை.

அந்த வலி அளவு 'வோமாக்' என்ற கேள்விப் பட்டியலின் ஒரு பகுதி. கனடாவில் பிறந்த 24 கேள்விகள். சாக்ஸ் போடச் சிரமமா, காரில் ஏறி இறங்கச் சிரமமா, குளியல் தொட்டிக்குள் இறங்கச் சிரமமா என்றெல்லாம் கேட்கும். அம்மா வாழ்நாளில் சாக்ஸ் போட்டதில்லை. சம்மணமிட முடிகிறதா, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எழ முடிகிறதா என்பதுதான் அவருக்கான கேள்வி. புனேயிலுள்ள வாதநோய் மையத்தினர் இந்தக் கேள்விகளை இந்தியரின் பழக்கங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தது எனக்குப் பெரிய செயலாகவே படுகிறது. பெயர்ப்பது என்றால் சொல்லை மட்டும் பெயர்ப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

என் பரிந்துரை 'மூட்டு நலிவு'. நோய்ப்பெயராக எழுதும்போது மூட்டு நலிவு நோய், இடத்தோடு சொன்னால் முழங்கால் மூட்டு நலிவு, விரல் மூட்டு நலிவு. நலிவு என்பதில் மெலிவும் உண்டு, துன்பமும் உண்டு. எலும்பு, தசை, சவ்வு எல்லாவற்றுக்கும் பொருந்தும். உயிருள்ளதற்குத்தான் பெரும்பாலும் சொல்வோம். அழற்சி உண்டு என்றோ இல்லை என்றோ அது வழக்காடுவதில்லை, கிரேக்கத்தின் பழைய 'இடிஸ்' போல.

போன மாதம் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "முட்டி தேயலம்மா, நலிஞ்சிருக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "நலிஞ்சதுன்னா தேத்திடலாங்கிறியா?"

போன குருத்தெலும்பு திரும்ப வளராதும்மா, ஆனா காலைத் தேத்தலாம் என்றேன். மறுநாள் மாலை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.