‘பகிர்ந்தார்’ என்றால் மீதி எங்கே?

தெரிந்தவர் ஒருவர் தம் தாயார் மறைந்த செய்தியை இணையத்தில் நான்கே வரியில் எழுதியிருந்தார். கடைசி நாட்களில் அம்மா ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம். இனி அந்தப் பாட்டைத் தம்மால் கேட்க முடியுமா என்று தெரியவில்லை என்று முடித்திருந்தார். அதற்கு வந்த முதல் மறுமொழி: “அருமையான பகிர்வு. நன்றி.”

அந்த மறுமொழியை எழுதியவர் கல்நெஞ்சர் அல்லர். எனக்கு அவரையும் தெரியும். சாவு வீட்டுக்கு முதலில் போய் நிற்பவர். ஆனால் அந்த நான்கு வரிக்கு என்ன பெயர் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் ‘பகிர்வு’ என்ற சொல் முந்திக்கொண்டது. பகிர்வு என்று ஆன பிறகு அதற்கு நன்றி சொல்வதுதானே முறை? இந்தச் சொல்லை அன்றாடம் நூறு தடவை பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். அன்று கடக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வேர், ‘பகு’. பிரி, கூறுபடுத்து என்று பொருள். பகுதி, பாதி, பால் எல்லாம் இதன் பிள்ளைகள். மேலும் பிரிக்க முடியாத எண் பகா எண். பகுதி விகுதி என்று பிரிக்க முடிந்த சொல் பகுபதம். நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கும் அறிவு பகுத்தறிவு. பகல் என்பதும் இந்தக் குடும்பம்தான். பட்டினப்பாலையில் வணிகர்களை ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்’ என்னும்போது, நுகத்தடியைச் சரிபாதியாகப் பிரித்து நடுவில் நிற்கும் ஆணிக்குப் பகல் என்று பெயர். உணவைப் பிரித்து உண்பதைத் திருவள்ளுவர் ‘பகுத்துண்டு’ என்கிறார். ‘பாத்தூண்’ என்றும் சொல்கிறார். ஆக, பகிர்தல் என்றால் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தல். பானையில் இருப்பது குறையும், இலையில் விழும். மின் பகிர்மானம் என்பது சரியான சொல். உற்பத்தியான மின்சாரம் பிரிந்து பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. எனக்கு வந்தது உங்களுக்கு வராது.

ஆங்கிலத்து ‘ஷேர்’ பிறந்ததும் இதே போன்ற இடத்தில்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வெட்டு, பிரிவு என்று பொருள்; ஏர்க்கொழுவுக்கு அவர்கள் சொல்லும் ‘ஷேர்’ என்ற பெயரும், ஆட்டு மயிரைக் கத்தரிப்பதற்குச் சொல்லும் ‘ஷியர்’ என்ற வினையும் அதற்கு உறவு. அந்த வெட்டும் சொல் மனத்தில் இருப்பதைச் சொல்லும் சொல்லாக மாறியது அண்மைக் காலத்தில். 1930களில் ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறித்தவ இயக்கத்தார், தம் தவறுகளைப் பிறர் முன்னால் மனம்விட்டுச் சொல்வதை ‘ஷேரிங்’ என்றார்கள். அந்தக் குழுவிலிருந்து கிளைத்ததுதான் 1935இல் தொடங்கிய, குடிநோயிலிருந்து மீள்வோரின் கூட்டமைப்பு. அவர்களுடைய கூட்டங்களிலும் எழுந்து தம் கதையைச் சொல்வதற்கு அதே சொல்தான். பிறகு கணினி வந்தது, கோப்பு வந்தது, கடைசியில் திரையில் ‘ஷேர்’ பொத்தான் வந்தது. அவர்கள் மொழியில் அந்தச் சொல் படிப்படியாக நடந்து வந்த வழி அது. நாம் அந்த வழியில் ஓர் அடிகூட நடக்கவில்லை. பொத்தானில் தொடங்கி, அங்கிருந்து மனத்துக்குள் போனோம்.

பொத்தானில் ‘பகிர்’ எப்படி வந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு முறை இப்படிப்பட்ட மொழிபெயர்ப்பு ஒன்றை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். அட்டவணையில் இரண்டு பத்தி. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் காலிக் கட்டம். சொல் எந்தத் திரையில் வருகிறது, யார் யாருக்கு எதை அனுப்பும்போது வருகிறது என்று ஒரு குறிப்பும் இல்லை. வாக்கியம் இல்லாமல் வரும் சொல்லுக்கு அகராதியின் முதல் பொருளைத்தான் யாரும் எழுதுவார்கள். அந்த மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டத்தை நிரப்பினால்தான் அவருக்குக் கூலி. குறை சொல்ல வேண்டியது, அந்தக் கட்டத்திலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து செய்தித்தாளிலும் மேடையிலும் இரங்கற் குறிப்பிலும் நட்டவர்களை.

சரி, நட்டால் என்ன கெட்டுப்போயிற்று?

கணக்கு கெட்டுப்போயிற்று. “அந்த நாவலைப் பற்றித் தன் கருத்தைப் பகிர்ந்தார்” என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும்: மீதிக் கருத்தை அவர் எங்கே வைத்திருக்கிறார்? கருத்து பிட்டுக் கொடுக்கும் பண்டம் அன்று. ஒருவர் தம் கருத்தை முழுதாகச் சொன்ன பிறகும் அது முழுதாக அவரிடமே இருக்கிறது; பல நேரம் முன்பைவிடக் கெட்டியாகவே இருக்கிறது. கொடுத்தாலும் குறையாத பொருள் உண்டு என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. கல்வியைப் பற்றி நாலடியார் ‘வாய்த்தீயிற் கேடில்லை’ என்கிறது. வாய்த்து, பிறருக்கு ஈந்தால் கேடு வராது என்பது பொருள். அங்கே வினை ‘ஈதல்’. பகிர்தல் இல்லை. திருமூலர் தமக்குக் கிடைத்ததை எல்லோரும் அடைய வேண்டும் என்று விரும்பியபோது ‘யான்பெற்ற இன்பம் பெறுக இவ்வையகம்’ என்றார். தாம் பெற்ற இன்பத்தை வையகத்தோடு பகிர்வதாகச் சொல்லவில்லை. பகிர்ந்திருந்தால் ஆளுக்கு எவ்வளவு தேறியிருக்கும்!

இலக்கணமும் கெட்டுப்போயிற்று. ‘பகிர்ந்துகொள்’ என்ற பழைய ஆட்சி ஒன்று உண்டு. அதன் மேல் எனக்குச் சண்டை இல்லை. “மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டார்கள்”, “துயரத்தைப் பகிர்ந்துகொண்டாள்” என்று சொல்லும்போது அந்தக் ‘கொள்’ ஒரு வேலை செய்கிறது: இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. கூடவே ‘ஓடு’ அல்லது ‘உடன்’ வரும். துயரத்தைப் பகிர்ந்துகொண்டால் உண்மையிலேயே சுமை குறைகிறது, ஆகையால் கணக்கும் சரியாக இருக்கிறது. இப்போது என்ன ஆயிற்று? ‘கொள்’ கழன்று விழுந்தது. ‘உடன்’ போய் ‘கு’ வந்தது. “அந்தப் பாட்டை எனக்குப் பகிருங்கள்” என்கிறார்கள். எனக்கு அனுப்புங்கள் என்பதுதான் பொருள். “இருப்பிடத்தைப் பகிரவும்” என்கிறார்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். “இந்த எண்ணை யாருடனும் பகிர வேண்டாம்” என்று கைப்பேசிக்கு எச்சரிக்கை வருகிறது. “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்றால் எழுத்தறியாத பாட்டிக்கும் உடனே உறைக்கும். எண்ணைப் பகிரக் கூடாது என்று வாசித்துக் காட்டினால், யார் கேட்டார்கள் பங்கு என்றுதான் அவர் திகைப்பார்.

இதற்கு வக்காலத்து வாங்குவோர் இரண்டு வாதம் வைப்பது வழக்கம். ஒன்று, ‘பகர்’ என்ற வினை. பகர்தல் என்றால் சொல்லுதல். பகிர்வதும் பகர்வதும் பக்கத்து வீடுதானே என்கிறார்கள். எழுத்தில் பக்கத்து வீடுதான், ஒரு மேல்விலங்குதான் வேறுபாடு. ஆனால் பகர்தலுக்கு விற்றல் என்றும் ஒரு பொருள் உண்டு. பூவும் சாந்தும் விற்போர் திரியும் தெருவைச் சிலப்பதிகாரம் ‘பகர்வனர் திரிதரு நகர வீதி’ என்கிறது. பொருளை வாய்விட்டுக் கூவி விற்றவர்கள் அவர்கள். இணையத்தில் கருத்துச் சொல்வோரில் சிலருக்கு அந்தச் சொல் மிகவும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பகிர்வைப் பகர்வாகப் படிக்கச் சொன்னால், நாளைக்கு எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லாகவும் படிக்கலாம்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் வலுவானது. ‘கூறு’ என்றால் பங்கு. ‘கூறு’ என்றால் சொல். பிரிப்பதும் சொல்வதும் தமிழில் ஒரே எழுத்துக்கோவையில் நிற்கின்றன அல்லவா, அப்படியானால் பகிர்தலும் சொல்லுதல் ஆகலாமே என்பது. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் இந்த வாதத்தை வைத்தவரே அதற்குத் தீர்ப்பும் எழுதிவிட்டார். பிரிப்பதும் சொல்வதும் கூடி நிற்கும் சொல்தான் வேண்டுமென்றால் அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. “கருத்தைக் கூறினார்.” முடிந்தது வேலை.

‘கருத்துப் பரிமாற்றம்’ என்று இன்னொன்றை இடையில் கொண்டுவருகிறார்கள். பரிமாற்றம் என்றால் இங்கிருந்து ஒன்று போய் அங்கிருந்து ஒன்று வர வேண்டும். ஒருவர் தனியாக உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரர் காதில் எதையும் மாட்டாமல் உரக்கப் பாட்டுக் கேட்ட கொடுமையை எழுதுகிறார். அதில் யாரோடு என்ன பரிமாற்றம்? நான்கு பேர் அதற்குப் பதில் சொல்லி, அவர் திரும்பப் பேசினால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

என் எரிச்சலின் உண்மையான காரணம் வேர்ச்சொல் அன்று. வேர்ப்பொருளை விட்டு விலகிய சொற்கள் எந்த மொழியிலும் ஏராளம். அவற்றையெல்லாம் பிடித்து வந்து வேரில் கட்டிப்போட முடியாது. வேறொன்று நடந்திருக்கிறது. இந்த ஒரு சொல் வந்த பிறகு பத்துச் சொற்கள் வேலை இழந்தன. ஒருவர் ஒரு நூலைப் படித்து, அதன் நிறைகுறைகளை எடைபோட்டு எழுதினால் அது மதிப்புரை. எடைபோடாமல், படியுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தால் பரிந்துரை. ஆழ்ந்து அலசினால் திறனாய்வு. அந்த நூலைத் தாம் படித்த காலத்தைப் பற்றியே பேசினால் நினைவுக்குறிப்பு. மூன்றாம் பக்கத்திலேயே தையல் விட்டுத் தாள்கள் மடியில் கொட்டியதைச் சொன்னால் முறையீடு. அதையே மூன்று நாள் தொடர்ந்து சொன்னால் புலம்பல். இந்த ஆறும் இப்போது ‘வாசிப்புப் பகிர்வு’. தலைப்பைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. சுட்டியைத் தட்டிப் போனால், மதிப்புரை இருக்கும் என்று நம்பிய இடத்தில் அட்டைப்படமும் “அவசியம் வாசிக்க வேண்டிய நூல்” என்ற ஒற்றை வரியும் இருக்கின்றன.

இசையில் இது இன்னும் மோசம். ஒருவர் ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தில் புல்லாங்குழல் எங்கே நின்று எங்கே தொடர்கிறது என்று காதைத் தீட்டிக் கேட்டு எழுதுகிறார். இன்னொருவர் பாட்டின் சுட்டியை மட்டும் போடுகிறார். இரண்டும் ‘இசைப் பகிர்வு’. முதல் ஆள் செய்தது ரசனை, நுண்மை, உழைப்பு. இரண்டாம் ஆள் செய்தது, நீங்களும் கேளுங்கள் என்று நீட்டியது. அதுவும் நல்ல காரியம்தான், தமிழில் அதைச் சொல்லவும் அந்த இரண்டு சொற்கள் போதும்: நீங்களும் கேளுங்கள்.

அப்படியானால் எதை எதற்குச் சொல்வது என்று கேட்பவர்களுக்கு: கருத்தைச் சொல்லுங்கள், கூறுங்கள், தெரிவியுங்கள். படத்தையும் பாட்டையும் அனுப்புங்கள். பலருக்கு என்றால் காட்டுங்கள், பார்வைக்கு வையுங்கள். எரிச்சலைக் கொட்டுங்கள், பொருமுங்கள். எரிச்சலைப் பகிர்வது நடக்கிற காரியமா என்ன? துயரத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், ‘கொள்’ளை மறக்காமல். சோற்றையும் செலவையும் அறையையும் தாராளமாகப் பகிரலாம்.

பொத்தானை மட்டும் விட்டுவிடுகிறேன். அதில் இனி எதை எழுதினாலும் கட்டைவிரல் எழுத்தைப் பார்க்கப் போவதில்லை; அம்புக்குறியைப் பார்த்தே தட்டுகிறது. ‘பரப்பு’ என்று மாற்றலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். அதில் வதந்தி வாடை அடிக்கிறது. பாதி நேரம் அதுதான் நடக்கிறது என்றாலும், பொத்தான் அவ்வளவு நேர்மையாக இருக்க வேண்டியதில்லை.

போன மாதம் நண்பர் ஒருவர் ஒரு கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பினார். தலைப்பு, ‘ஒரு வாசிப்புப் பகிர்வு’. உள்ளே இருந்தது நயமான மதிப்புரை. பகிர்வை அடித்து ‘மதிப்புரை’ என்று எழுதினேன். கட்டுரைக்குள் ஏழு இடத்தில் ‘பகிர்ந்துள்ளார்’ இருந்தது. ஆசிரியர் ஓரிடத்தில் வருந்துகிறார், ஓரிடத்தில் வாதாடுகிறார், ஓரிடத்தில் கிண்டல் செய்கிறார், ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஏழையும் அந்தந்த வினைக்கு மாற்றி அனுப்பிவைத்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. திருத்தங்களைப் பகிர்ந்தமைக்கு மிக்க நன்றி என்று எழுதியிருந்தார்.