ரே மன்சாரெக்கின் இரண்டு கைகள்: மின் கீபோர்டுகள் இயங்கும் விதம்

பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒருவரும் இல்லாமல் மேடையேறி, உலகப் புகழ் பெற்ற ராக் குழு என்றால் அது லாஸ் ஏஞ்சலிஸின் தி டோர்ஸ். பாடகர் ஜிம் மாரிசன், கிட்டார் கலைஞர் ராபி கிரீகர், டிரம்ஸ் வாசித்த ஜான் டென்ஸ்மோர், கீபோர்டு வாசித்த ரே மன்சாரெக் ஆகிய நால்வரே அந்தக் குழு. ராக் இசையில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களின் வரி, இல்லாவிட்டால் பாட்டுக்கு அடித்தளமே இருக்காது. அந்தப் பொறுப்பை மன்சாரெக்கின் இடக்கை ஏற்றுக்கொண்டது. அதே நேரத்தில் அவரது வலக்கை ஆர்கனில் பாட்டின் மேற்பகுதியை வாசித்தது. இரண்டு கைகளும் இரண்டு வேறு கருவிகளின் மீது இருந்தன என்பதும், அந்த இரண்டு கருவிகளும் முற்றிலும் வேறுபட்ட இயற்பியல் முறைகளில் ஒலி எழுப்பின என்பதும்தான் இங்கே கவனிக்க வேண்டியவை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீண்ட அவரது இசைவாழ்வில், பாடல்களை அமைப்பதிலும் பிற்காலத்தில் பிறரின் ஆல்பங்களைத் தயாரிப்பதிலும் அவர் எடுத்த முடிவுகள் பலவும் இந்தக் கருவிகள் கற்றுக்கொடுத்த பாடங்கள் என்பதே என் எண்ணம்.

மன்சாரெக் 1939 பிப்ரவரி 12 அன்று சிகாகோவில் போலந்து வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே பியானோ கற்றார். புளூஸ் இசையின் தலைநகரம் போலிருந்த சிகாகோவில் வளர்ந்ததால், பூகி-வூகி எனப்படும் பியானோ பாணி அவருக்கு எளிதில் வசப்பட்டது. அந்தப் பாணியில் இடக்கை ஒரே சுழற்சியை இடைவிடாமல் வாசித்துக்கொண்டிருக்கும். வலக்கை அதன் மேல் தன் போக்கில் கற்பனை செய்யும். பொருளாதாரம் படித்துவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறையில் சேர்ந்தபோதுதான் மாரிசனைச் சந்தித்தார். 1965ஆம் ஆண்டின் கோடையில், வெனிஸ் கடற்கரையில் மாரிசன் தான் எழுதியிருந்த வரிகளைப் பாடிக் காட்ட, குழு தொடங்குவதென்று இருவரும் முடிவு செய்தனர். கிரீகரும் டென்ஸ்மோரும் தியான வகுப்பு ஒன்றின் வழியாக வந்து சேர்ந்தவர்கள்.

இடக்கைக்கு மன்சாரெக் தேர்ந்தெடுத்த கருவி ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸ். அதில் 32 கட்டைகள் மட்டுமே உண்டு. அதன் மிகத் தாழ்ந்த சுரம் பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி எழுப்பும் சுரமேதான். வினாடிக்குச் சுமார் 41 அதிர்வுகள், அதாவது 41 ஹெர்ட்ஸ். இதை உருவாக்கிய ஹெரால்ட் ரோட்ஸ், இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து படுக்கையில் கிடந்த வீரர்கள் மடியில் வைத்து வாசிப்பதற்காக, போர் விமானங்களின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு சிறிய பியானோக்களைச் செய்தவர். அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்ததுதான் ரோட்ஸ் மின்பியானோ.

இந்தப் பியானோவில் தந்திகள் இல்லை. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழுந்து, ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டுகிறது. அந்தக் கம்பியோடு கனமான உலோகப் பட்டை ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து, ஒரு கால் மெலிந்தும் மறுகால் பருத்தும் உள்ள இசைக்கவை போல அதிர்கின்றன. மெல்லிய கம்பியின் ஆற்றல் விரைவில் வீணாகிவிடாமல் ஒலி நீண்டு நிற்பதற்கு அந்தப் பட்டை உதவுகிறது. கம்பியில் சிறு சுருள்வில் ஒன்றும் செருகப்பட்டிருக்கும். அதை முனையை நோக்கி நகர்த்தினால் சுரம் தாழும், உள்ளே தள்ளினால் உயரும். சுருதி சேர்ப்பது இப்படித்தான்.

கம்பி எழுப்பும் ஒலி காதுக்கு அருகில் வைத்துக் கேட்கும் அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே அதன் முனைக்கு எதிரே ஒரு காந்தமும், அந்தக் காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் வைக்கப்படுகின்றன. எஃகு முனை அசையும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அதுவே ஒலிபெருக்கிக்குச் செல்கிறது. இதில் நுட்பமான ஓர் இடம் உண்டு. கம்பியின் முனை ஓய்வில் இருக்கும்போது காந்தத்தின் நடுவுக்கு நேராக நின்றால், ஒவ்வோர் அதிர்விலும் அது நடுவை இரண்டு முறை கடக்கும். அதனால் கேட்கும் சுரம் ஒரு ஸ்தாயி உயர்ந்துவிடும். சற்றே மேலே தள்ளி வைத்தால்தான் அடிப்படைச் சுரம் முழுமையாகவும், அதனோடு அளவான மேற்சுரங்களும் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாகச் சேர்ந்து எழும் உயர்ந்த சுரங்கள்) கிடைக்கும். மில்லிமீட்டருக்கும் குறைந்த இந்த இடமாற்றமே ஒரு ரோட்ஸ் பியானோவின் குரலை இன்னொன்றின் குரலிலிருந்து பிரிக்கிறது. மெதுவாகத் தட்டினால் மணியோசை போன்ற மென்மை வருவதற்கும், ஓங்கித் தட்டினால் கம்பி காந்தப்புலத்தின் சீரற்ற பகுதிகளுக்குள் அகலமாக வீசி உறுமுவதற்கும் காரணம் இதுதான்.

1966ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் பகுதிக் கிளப்புகளில் இந்தப் பியானோ பேஸ் போதுமானதாக இருந்தது. பதிவரங்கில் அது போதவில்லை. மென்மையான சுத்தியல் தட்டுவதால் தாழ்ந்த சுரங்களின் தொடக்கம் மழுங்கி இருக்கும், மேற்சுரங்களும் குறைவு. அந்தக் காலத்தில் பாட்டு மக்களைச் சென்றடைந்த சிறிய வானொலிப் பெட்டிகளின் ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் அவற்றில் பேஸ் கிட்டார் நமக்குக் கேட்கிறது. காரணம், 82, 123, 165 ஹெர்ட்ஸ் என அடுக்கடுக்காக வரும் மேற்சுரங்களைக் கேட்ட மூளை, இவற்றுக்கெல்லாம் மூலம் 41தான் என்று கணித்து, வராத சுரத்தையும் கேட்டுக்கொள்கிறது. மேற்சுரங்கள் வலுவாக இல்லாத பியானோ பேஸுக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. அதனால்தான் 1967இல் வெளிவந்த முதல் ஆல்பத்தில், 'லைட் மை ஃபயர்' பாடலில் மன்சாரெக்கின் இடக்கை வாசித்த அதே வரியை லாரி நெக்டெல் என்ற பதிவரங்குக் கலைஞர் பேஸ் கிட்டாரில் மறுபடியும் வாசித்துச் சேர்த்தார்.

வலக்கைக்கு வருவோம். வாக்ஸ் கான்டினென்டல் என்ற ஆர்கன் 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜென்னிங்ஸ் நிறுவனம் தயாரித்தது. பியானோவில் வெள்ளையாக இருக்கும் கட்டைகள் இதில் கறுப்பு, கறுப்பாக இருப்பவை வெள்ளை. மேற்பகுதி தட்டையாக இருந்ததால் பியானோ பேஸை அதன் மேலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. அன்று பெருமதிப்புப் பெற்றிருந்த ஹேமண்ட் ஆர்கனைத் தூக்கப் பலர் வேண்டும். வாக்ஸைக் கால்களைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். டிரான்சிஸ்டர் கொடுத்த வசதி அது.

இதில் 49 கட்டைகள் இருந்தும் அலைகளை உருவாக்கும் மூலச் சுற்றுகள் 12 மட்டுமே: ஒரு ஸ்தாயியில் உள்ள பன்னிரண்டு சுரங்களுக்கு ஒவ்வொன்று. தாழ்ந்த ஸ்தாயிகளை எப்படிப் பெறுவது? ஒரு ஸ்தாயி இறங்குவதென்றால் அதிர்வெண் சரிபாதியாவதுதான். இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். துடிப்பு ஒன்று வந்தால் நிலை மாறும். அடுத்த துடிப்பு வந்தால் பழைய நிலைக்குத் திரும்பும். உள்ளே இரண்டு துடிப்புகள் சென்றால்தான் வெளியே ஒரு முழுச் சுற்று நிறைவடைகிறது. 880 ஹெர்ட்ஸ் உள்ளே சென்றால் 440 வெளியே வரும். அதை அடுத்த சுற்றுக்குள் அனுப்பினால் 220, அதற்கடுத்து 110. கணினியில் எண்களை எண்ணுவதும் இதே வகைச் சுற்றுதான்.

இதனால் சுருதி சேர்க்கும் வேலை பன்னிரண்டு இடங்களோடு முடிந்துவிடுகிறது. ஒரே மூலத்திலிருந்து பிறப்பதால் ஒரு சுரத்தின் எல்லா ஸ்தாயிகளும் இம்மியும் பிசகாமல் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். குறையும் அதிலேயே இருக்கிறது. தேவாலயத்தின் குழல் ஆர்கனில் நூற்றுக்கணக்கான குழல்கள் மயிரிழை வேறுபாடுகளோடு ஒலிப்பதால் ஒலி மினுமினுக்கும். வாக்ஸில் அந்த மினுமினுப்பு இல்லை. இந்தச் சுற்றுகள் தரும் அலை வளைந்து ஏறாமல் செங்குத்தாகத் தாவுவதால் உயர்ந்த மேற்சுரங்கள் நிறைய இருக்கின்றன. வடிகட்டிகள் அதைச் சற்றுத் தணித்தாலும், கூர்மையான, மெல்லிய, துளைக்கும் குரலாகவே அது எஞ்சுகிறது. இழுவைப் பிடிகளால் ஒரு ஸ்தாயி தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் வேண்டிய அளவில் கலந்துகொள்ளலாம். அந்தக் குரலைப் பலர் குறையாகப் பார்த்தார்கள். டோர்ஸ் பாடல்களில் எனக்கு அது மிகப் பெரிய பலமாகவே தெரிகிறது, ஏனென்றால் மாரிசனின் ஆழ்ந்த கனத்த குரல் இருக்கும் இடத்தை அது தொடுவதே இல்லை.

வாக்ஸின் கட்டை ஒரு மின்தொடர்பு மட்டுமே. மெல்ல அழுத்தினாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே உரப்பு. விரலை எடுத்த கணத்தில் ஒலி அறுந்துவிடும். பியானோ கலைஞனின் முதன்மையான ஆயுதமான விரல் அழுத்தம் இங்கே செல்லாது. மிஞ்சுவது காலம்தான்: எப்போது தொடுவது, எவ்வளவு நேரம் பிடிப்பது, எங்கே விடுவது. மன்சாரெக்கின் ஆர்கன் வாசிப்பு சிறுசிறு துண்டுகளாக, தாளத்தில் குத்திக் குத்தி நகர்வதை 'லைட் மை ஃபயர்' பாடலின் ஆல்பப் பதிவில் தெளிவாகக் கேட்கலாம். பெரும்பகுதியை கிரீகர் எழுதிய அந்தப் பாடலுக்கு, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை நினைவூட்டும் முன்னிசையை அமைத்தவர் மன்சாரெக். நடுவில் இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) மாறி மாறி வர, இடக்கை அவற்றை விடாமல் சுழற்றுகிறது. வலக்கை அதன் மேல் நீளமாகக் கற்பனை செய்கிறது. சிகாகோவில் கற்ற பூகி-வூகி இங்கே ஜாஸ் வேடத்தில் வருகிறது. பலமுறை பழகிய இயக்கம் கவனத்தை வேண்டாத பழக்க நினைவாக மூளையில் படிந்துவிடுவதால்தான் இது முடிகிறது: ஒரே நேரத்தில் இரண்டு கற்பனைகளை ஓட்டுவது மனிதனுக்கு மிகக் கடினம், படிந்துவிட்ட ஒரு சுழற்சியின் மேல் ஒரு கற்பனையை ஓட்டலாம். சுமார் ஏழு நிமிடப் பாடலை வானொலிக்காக இந்தப் பகுதியை வெட்டிச் சுருக்கி வெளியிட்டார்கள்; 1967 ஜூலையில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

1970இன் இறுதியில், மாரிசனோடு செய்த கடைசி ஆல்பத்துக்கான பதிவுக்கு முன் அவர்களது வழக்கமான தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட் விலகிக்கொண்டார். ஒலிப்பொறியாளர் புரூஸ் பாட்னிக்குடன் சேர்ந்து குழுவே தயாரிப்பை ஏற்றது. ஒத்திகை பார்க்கும் இடத்திலேயே பதிவும் நடந்தது. எல்விஸ் பிரெஸ்லியின் குழுவில் வாசித்த ஜெர்ரி ஷெஃப் பேஸ் கிட்டாருக்கு அழைக்கப்பட்டார். இடக்கை விடுதலை பெற்ற அந்த ஆல்பத்தில், 'ரைடர்ஸ் ஆன் தி ஸ்டார்ம்' பாடலுக்கு மன்சாரெக் முழு அளவு ரோட்ஸ் பியானோவை எடுத்துக்கொண்டார். மழைத்துளி இறங்குவது போன்ற அந்த வரிகளை வாக்ஸில் வாசித்திருந்தால் பாட்டே கெட்டிருக்கும். தட்டிய கணத்திலிருந்து தேயத் தொடங்கும் எஃகுக் கம்பியின் ஒலியில்தான் ஒவ்வொரு சுரமும் தானாக அடங்கி அடுத்ததற்கு வழிவிடுகிறது.

1971 ஜூலை 3 அன்று பாரிஸில் மாரிசன் இறந்தார். மன்சாரெக்கும் கிரீகரும் தாங்களே பாடி இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார்கள். 1973இல் குழு கலைந்தது. தனி ஆல்பங்கள், புதிய குழு என்று அவர் செய்த முயற்சிகள் பெரிதாக எடுபடவில்லை. அவரது இரண்டாம் வாழ்வு தொடங்கியது 1980இல், லாஸ் ஏஞ்சலிஸின் பங்க் குழுவான எக்ஸின் தயாரிப்பாளராக. 1983 வரை அவர்களுடைய முதல் நான்கு ஆல்பங்களையும் அவரே தயாரித்தார்.

தயாரிப்பாளரின் வேலையில் காதின் இயற்பியல் மிக முக்கியமானது. உட்செவியின் சுருள்குழலில் உள்ள சவ்வின் ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் அதிர்வெண் வரம்புக்கு அசையும். அருகருகே உள்ள இரண்டு ஒலிகள் ஒரே இடத்தை அசைக்கப் போட்டியிட்டால் வலியது எளியதை மறைத்துவிடும். உரத்த தாழ்ந்த ஒலி, தனக்கு மேலுள்ள ஒலிகளை இன்னும் எளிதாக மறைக்கும். எனவே உரப்பைக் கூட்டுவதை விட இடத்தைப் பிரித்துக் கொடுப்பதே பயன் தரும். பேஸை ஒரு கையிலும் ஆர்கனை மறு கையிலும் வைத்துக்கொண்டு, பாடகனுக்கு நடுவில் இடம் விட்டு ஆண்டுக்கணக்கில் வாசித்த ஒருவருக்கு இது விரல்களிலேயே இருந்திருக்கும். எக்ஸ் குழுவில் எக்சீன் செர்வென்காவும் ஜான் டோவும் நெருங்கிய சுரங்களில், வழக்கத்துக்கு மாறான இணைப்பில் சேர்ந்து பாடுவார்கள். அதைச் சரிசெய்ய முயலாமல், பில்லி ஜூமின் கிட்டாருக்கும் அந்த இரட்டைக் குரலுக்கும் தனித்தனி இடம் இருக்கும்படி அவர் பதிவு செய்தார். முதல் ஆல்பத்தில் டோர்ஸின் 'சோல் கிச்சன்' பாடலை அவர்கள் அசுர வேகத்தில் பாடியதையும் அப்படியே விட்டார். அந்த ஆல்பத்தில் தானே ஆர்கன் வாசித்தாலும், குழுவை இன்னொரு டோர்ஸாக மாற்றவில்லை. இளைய கலைஞர்களுக்கு அவர் செய்த மிகப் பெரிய மரியாதை இதுவே என்பேன்.

1983இல் இசையமைப்பாளர் பிலிப் கிளாஸுடன் சேர்ந்து, கார்ல் ஓர்ஃபின் கோரஸ் படைப்பான 'கார்மினா புரானா'வை சின்தசைசர்களோடு ஆல்பமாக்கினார். பிறகு கவிஞர் மைக்கேல் மெக்ளூர் மேடையில் கவிதை படிக்க, பியானோவில் துணை வாசித்தார். 2013 மே 20 அன்று ஜெர்மனியின் ரோசன்ஹைமில் 74ஆம் வயதில் இறப்பதற்கு முன் பல ஆண்டுகள் அந்தக் கூட்டு நீடித்தது. பேச்சில் சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுபவை மெய்யொலிகள். அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே பேசும் குரலுக்குத் துணை வாசிப்பவர் வலக்கையை அந்தப் பகுதிக்குள் அடர்த்தியாக நுழையவிடாமல், வரிகளின் இடைவெளிகளில் மட்டும் மேலே ஏறி, மற்ற நேரத்தில் தாழ்ந்த ஸ்தாயியில் இடக்கையின் சுழற்சியை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.