கால் பணப் படத்துக்கு முக்கால் பண மெட்டாடேட்டா

இணையதளங்களின் வேகத்தைச் சரிசெய்வது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தளம் கைக்கு வந்தது. ஒரே பக்கத்தில் நாற்பது சின்னப் படங்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான், ஆனால் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். ஒரு படத்தை இறக்கிப் பிரித்துப் பார்த்தேன். 70 கிலோபைட் ஃபைலில் கண்ணுக்குத் தெரியும் படம் வெறும் 9 கிலோபைட். மீதி 61 கிலோபைட்டும் பார்வையாளர் யாருமே படிக்கப்போகாத எழுத்து. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான். நாற்பது படத்துக்கும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டரை மெகாபைட் சுமைகூலி.

அந்த எழுத்துக்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர். அதில் பல வகை உண்டு. போனும் கேமராவும் படம் எடுக்கும்போதே எழுதிவைப்பது எக்ஸிஃப். எந்தக் கருவி, எந்த நொடி, என்ன ஷட்டர் வேகம், இருப்பிடம் இயக்கத்தில் இருந்தால் எந்த இடம், எல்லாம் அதில் பதிவாகும். கூடவே படத்தின் குட்டி நகல் ஒன்றும் உள்ளே உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் 160-க்கு 120 பிக்சலில். செய்தித்துறையில் படம் எடுத்தவர் பெயரையும் தலைப்பையும் குறிக்க வந்தது ஐபிடிசி. படத்தைத் திருத்தும் மென்பொருள்கள் தங்கள் குறிப்புகளை எழுதிவைக்க, ஃபோட்டோஷாப் நிறுவனமான அடோபி 2001-இல் கொண்டுவந்தது எக்ஸ்எம்பி.

என் 61 கிலோபைட்டுக்குக் காரணம் இந்த எக்ஸ்எம்பிதான். ஜேபெக் (JPEG) என்பது போட்டோக்களின் வழக்கமான ஃபைல் வகை. அதில் ஒரு பகுதிக்கு 64 கிலோபைட்தான் உச்சவரம்பு. எக்ஸிஃப் அந்த ஒரே பகுதிக்குள் அடங்கியாக வேண்டும். எக்ஸ்எம்பி அப்படியில்லை, பல பகுதிகளாகப் பிரிந்துகொண்டு வளரும். ஃபோட்டோஷாப்பில் வேறொரு ஃபைலிலிருந்து எதையாவது எடுத்து ஒட்டினால், அந்த ஃபைலின் அடையாள எண் புது ஃபைலின் ‘மூதாதையர்’ பட்டியலில் சேர்ந்துவிடும். ஒரே டெம்ப்ளேட்டை ஆண்டுக்கணக்கில் வெட்டி ஒட்டிப் பயன்படுத்தினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மெகாபைட் கணக்கில் மூதாதையர் வைத்திருந்த ஃபைல்களும் உண்டு.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் மெட்டாடேட்டாவை நீக்கினால் எல்லாப் படமும் பாதியாகிவிடும்’ என்று கிளம்பிவிடாதீர்கள். 4 மெகாபைட் போன் படத்தில் 40 கிலோபைட் மெட்டாடேட்டா இருந்தால், அது நூற்றில் ஒரு பங்கு. அங்கே கை வைக்க வேண்டிய இடம் வேறு. 4000 பிக்சல் அகலப் படத்தை 800 பிக்சலில்தான் காட்டப்போகிறீர்கள் என்றால் முதலில் அதைச் சுருக்குங்கள், பிக்சல் எண்ணிக்கை இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். படம் சின்னதாக ஆக ஆகத்தான் மெட்டாடேட்டா பெரிதாகத் தெரியும். ஒரு விலக்கு, மோஷன் போட்டோ. சில போன்கள் ஜேபெக்கின் வாலில் ஒரு குட்டி வீடியோவையே ஒட்டிவைக்கின்றன. கேலரியில் அதை அசையாப் படமாக ஏற்றுமதி செய்தாலே பல மெகாபைட் குறையலாம்.

அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் துடைப்பதிலும் ஆபத்து உண்டு. நானே பட்டிருக்கிறேன். ஒரு நிகழ்ச்சிப் படங்கள் சில நூறை மொத்தமாகச் சுத்தம் செய்து ஏற்றினேன். மாலையில் போன்: “ஏங்க, எல்லாரும் படுத்துக் கிடக்காங்களே?” போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைச் சாய்வாகத்தான் சேமிக்கும்; எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற எண் எக்ஸிஃபில் இருக்கும். அந்த எண்ணையும் நான் சேர்த்துத் துடைத்துவிட்டேன். முதலில் படத்தையே திருப்பிச் சேமித்துவிட்டு, பிறகுதான் துடைக்க வேண்டும்.

நிறமும் அப்படித்தான். படத்தின் எண்களை எந்த நிறமாகப் படிக்க வேண்டும் என்று சொல்வது ஐசிசி புரொஃபைல். டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிற முறையில் எடுத்த படத்திலிருந்து அதை உருவிவிட்டால், பிரவுசர் படத்தை இணையத்தின் வழக்கமான நிற முறையான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும், சிவப்பு வெளிறிப்போகும். முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டால் சிக்கல் இல்லை. அச்சு மை நிறங்களுக்கான சிஎம்ஒய்கே முறையில் தயாரித்த படங்களில் இந்தப் புரொஃபைல் மட்டுமே 500 கிலோபைட்டைத் தாண்டுவதுண்டு, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியபின் இணையத்தில் அதற்கு வேலையே இல்லை.

எடுத்தவர் பெயரையும் உரிமைக் குறிப்பையும் நான் தொடுவதில்லை. சில நூறு பைட்டுக்காக ஒருவர் பெயரை அழிப்பது கஞ்சத்தனம். சட்டச் சிக்கலும் வரலாம்: உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவின் 1996-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை உடன்படிக்கை, உரிமைத் தகவலுக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று நாடுகளைக் கேட்கிறது.

இருப்பிடத்தில் மட்டும் தயவு தாட்சண்யமே கூடாது. ஆன்டிவைரஸ் மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்கஃபி 2012 டிசம்பரில் மத்திய அமெரிக்க நாடான பெலீஸின் போலீஸுக்குத் தப்பித் தலைமறைவாக இருந்தார். அவரோடு எடுத்த படத்தை வைஸ் இதழ் இணையத்தில் போட்டது. எக்ஸிஃபில் ஜிபிஎஸ் எண்கள் அப்படியே இருந்தன. அவர் குவாத்தமாலாவில் இருப்பது உலகத்துக்கே தெரிந்துபோனது. நாம் தலைமறைவாக இல்லைதான், ஆனால் பழைய பொருளை விற்கப் போடும் படத்திலும் வீட்டு வாசல் வரை வழி இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். ஐபோனில் பகிரும்போது ஆப்ஷன்ஸில் இருப்பிடத்தை நிறுத்தலாம். விண்டோஸில் ஃபைலின் பிராப்பர்ட்டீஸில், டீடெயில்ஸ் பகுதிக்குக் கீழேயே நீக்கும் வசதி இருக்கிறது. நூற்றுக்கணக்கில் என்றால் ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் இருக்கிறது. படத்தை மறுபடி அமுக்காமல் எழுத்தை மட்டும் எடுப்பதால் தரம் குறையாது, மூல ஃபைலையும் வேறு பெயரில் வைத்துவிடும். இலவசமாகச் சுத்தம் செய்கிறோம் என்னும் தளங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருப்பிடத்தை மறைப்பதற்காக, இருப்பிடத்தோடு கூடிய படத்தை முன்பின் தெரியாத சர்வருக்கு ஏற்றுவது என்ன கணக்கு?

சரி, அந்த நாற்பது படங்கள். துடைத்து ஏற்றினேன், பக்கம் பட்டென்று திறந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் புதிதாக வந்த படங்களில் மறுபடி அதே மூதாதையர் பட்டியல். டெம்ப்ளேட் டிசைனரிடம் அல்லவா இருக்கிறது! அவரைக் கூப்பிட்டு, ஏற்றுமதி செய்யும்போது மெட்டாடேட்டா என்ற இடத்தில் ‘வேண்டாம்’ என்று ஒருமுறை மாற்றிவைக்கச் சொன்னேன். அப்படி ஓர் இடம் இருப்பதையே அவர் அன்றுதான் கவனித்தாராம்.