வதந்தி: சொன்னது யார்?

வதந்தியை நாம் பெயர்ச்சொல்லாகவே புழங்குகிறோம், ஆனால் வடமொழியில் அது ஒரு வினைமுற்று. ‘வத்’ என்றால் பேசு, ‘வதந்தி’ என்றால் ‘சொல்கிறார்கள்’. அவ்வளவுதான். யார் சொல்கிறார்கள் என்பதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. இதே பொருளில் ‘கிம்வதந்தி’ என்றும் உண்டு, அதாவது ‘என்ன சொல்கிறார்கள்?’, மலையாளத்தில் இன்றும் அப்படித்தான், தெலுங்கிலும் கன்னடத்திலும் நம்மைப் போல ‘வதந்தி’.

வடமொழியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தமிழில் ‘ஆம்’ என்று ஒன்றை ஒட்டினால் போதும். “கூட்டணி உடைஞ்சிடுச்சாம்”, “தலைவர் ராஜினாமா பண்ணிட்டாராம்” என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, யாராவது கேட்டால் “வந்ததை அனுப்பினேன், நானா சொன்னேன்?” என்று நழுவிக்கொள்ளலாம். கடைசியில் ‘உண்மையா?’ என்று ஒரு கேள்விக்குறி வைத்து அனுப்புகிறவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள், ஏனென்றால் படிக்கிறவர் மனதில் தங்குவது செய்திதான், கேள்விக்குறி இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய சொற்கள் அம்பலும் அலரும். சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், ஊரறியப் பேசுவது அலர், மொட்டும் மலரும் மாதிரி. திருக்குறளில் 115ஆம் அதிகாரமே அலரறிவுறுத்தல்தான். ஆனால் அது காதலர்களைப் பற்றிய ஊர்ப்பேச்சு, பெரும்பாலும் உண்மையும்கூட, அதனால் தேர்தல் நேரத்துப் பொய்க்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

புழக்கத்தில் இருப்பது புரளி. அகராதிகள் பொய், வஞ்சகம், குறும்பு என்றெல்லாம் பொருள் தருகின்றன. வதந்தி மெய்யாகவும் முடியலாம், புரளி அப்படி இல்லை, அது பொய்தான். இன்னொரு வித்தியாசமும் உண்டு: செய்திகளில் வதந்தி ‘பரவுகிறது’, தீ மாதிரி தானாகவே. புரளியை யாரோ ‘கிளப்பி’ விடுகிறார்கள், அங்கே ஓர் ஆள் வந்துவிடுகிறார். ஆகவே உறுதியாகாத வரைக்கும் ஊர்ப்பேச்சு, பொய் என்று தெரிந்த பிறகு புரளி, இதுதான் என் கணக்கு.

அந்த ஆள் செய்ய வேண்டியதற்குச் சொல் ‘பொறுப்பேற்றல்’. பொறு என்றாலே தாங்குதல். வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்கும் நீக்கு’ அழுத்துவது இதில் சேராது. அவர் போட்டது மட்டும்தான் மறையும், அதற்குள் பிறர் முன்னனுப்பிய பிரதிகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். எந்தக் குழுவில் போட்டாரோ அதே குழுவில், “காலையில் நான் அனுப்பியது பொய், சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன், மேலே யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்” என்று எழுத வேண்டும். ‘தவறான தகவல் பகிரப்பட்டுவிட்டது’ என்று எழுதினால், மறுபடியும் ஆளில்லாத வாக்கியம்.