உதிர்ந்த ‘த்’

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, பாம்பேய் நகரம் சாம்பலுக்குள் போனது. அந்தச் சாம்பல் காப்பாற்றித் தந்த சுவர்க் கிறுக்கல்களில் ஒன்று இப்படித் தொடங்குகிறது: ‘க்விஸ்க்விஸ் அமா வலியா, பெரியா க்வி நோஸ்கி அமாரே.’ காதலிப்பவர் நன்றாக இருக்கட்டும், காதலிக்கத் தெரியாதவர் ஒழியட்டும் என்று பொருள்.

இலக்கண லத்தீன்படி அமத், வலேயத், பெரேயத், நேஸ்கித் என்று இருந்திருக்க வேண்டும். நான்கிலும் கடைசி ‘த்’தைக் காணோம். எழுதியவர் பேசியபடியே கிறுக்கிவிட்டார். இன்று ரோமிலும் மாட்ரிட்டிலும் ‘காதலிக்கிறார்’ என்பதற்கு அதே ‘அமா’தான். பிழை என்று அடித்திருக்கக்கூடிய சொல், லத்தீனிலிருந்து பிறந்த இத்தாலியன், ஸ்பானிஷ் என்ற இரண்டு மொழிகளுக்குச் சரியான சொல்லாகிவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

‘பாடுகிறேன்’ என்றால் ‘நான்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை, விகுதியே சொல்லிவிடும். லத்தீனும் அப்படித்தான். அமோ, காதலிக்கிறேன். அமாஸ், காதலிக்கிறாய். உயிரொலியில் முடியும் ‘அமோ’ மூன்று மொழிகளிலும் மாறவே இல்லை. ‘அமாஸ்’ ஸ்பானிஷில் அப்படியே தங்கியது. இத்தாலியனுக்குச் சொல் கடைசியில் மெய்யொலி ஒத்துவராது. அங்கே அது ‘அமி’ ஆனது.

சரி, எதிர்காலம்? அங்கேதான் சிக்கல். லத்தீனில் ‘அமாபித்’ என்றால் காதலிப்பார், ‘அமாவித்’ என்றால் காதலித்தார். நாளடைவில் உயிரொலிகளுக்கு நடுவே வந்த ‘ப’வும் ‘வ’வும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. நேற்றா நாளையா என்று காதால் பிரிக்க முடியாது. மக்கள் வேறு வழி பிடித்தார்கள்: ‘அமாரே ஹபேயோ’, அதாவது ‘காதலிக்க வேண்டியிருக்கிறது’. சொல்லிச் சொல்லி இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டன. இத்தாலியனில் ‘அமெரோ’, ஸ்பானிஷில் ‘அமரே’. வால்பகுதியில் இருக்கும் ‘ஓ’வும் ‘ஏ’யும் அந்தப் பழைய ஹபேயோவின் மிச்சம்.

இங்கே ஒரு இடறல் உண்டு. இத்தாலியனின் ‘அமாரே’யும் ஸ்பானிஷின் ‘அமரே’யும் எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்று, ஸ்பானிஷில் கடைசி எழுத்தின் மேல் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். முன்னதில் அழுத்தம் நடுவில், பொருள் ‘காதலிக்க’. பின்னதில் அழுத்தம் கடைசியில், பொருள் ‘காதலிப்பேன்’.

‘அமாரே’யும் ‘ஹபேயோ’வும் ஒட்டிய அந்த ஒட்டு இன்னும் முழுதாகக் காயவில்லை. ஸ்பானிஷின் பக்கத்து வீடான போர்ச்சுகீசியத்தில், ஏட்டு நடையில் ‘அவனைக் காதலிப்பேன்’ என்று எழுதும்போது சொல்லை நடுவில் பிரித்து, ‘அவனை’ என்பதை உள்ளே வைக்கிறார்கள்: ‘அமா-லு-எய்’.